பதறாத காரியம் சிதறாது: தாய்ப்பலகை மாற்றிய கதை



கணினி பழுதடைந்தால் நம்மில் பலருக்கு முதலில் தோன்றும் எண்ணம், “எல்லாம் போய்விட்டது” என்பதுதான். ஆனால், கணினி வேறு; அதனுள் இருக்கும் தரவு வேறு. இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். உண்மையிலேயே புரிந்துகொண்டது சென்ற ஆண்டு அக்டோபர் மாத மாலை ஒன்றில்தான். அந்த அனுபவத்தையும், அதன்வழி நான் கற்றுக்கொண்ட செய்முறையையும் இக்கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இடி இறங்கிய மாலை

என் வீடு கிள்ளான், பண்டமாரானில் இருக்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பள்ளத்தாக்கில் மாலை வேளைகளில் இடியும் மழையும் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலை ஓர் இடி. வீட்டின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. படிக்கட்டின் கீழே நான் வைத்திருந்த சேமிப்புக் கணினி மட்டும் அணைந்தது அணைந்ததுதான்.

அதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அது கடையில் வாங்கிய பெட்டியன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய பழைய மேசைக் கணினி. அதில் 4 டெராபைட் அளவுள்ள நான்கு வன்தட்டுகளைப் பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, வீட்டிலுள்ள அனைவரும் பயன்படுத்தும் பொதுச் சேமிப்பகமாக மாற்றியிருந்தேன். அக்காள் திருமணக் காணொளி, அப்பாவின் பழைய நிழற்படங்கள், நாங்கள் மாணவராக இருந்தபோது வெளியிட்ட ஆண்டிதழ்களின் வருடிய பக்கங்கள் எல்லாம் அதில் இருந்தன.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் இருந்தது. என் பாட்டி கேரித் தீவுத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில், வார இறுதிகளில் அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். ஜப்பானியர் காலம், தோட்டத்து லயன் வாழ்க்கை, தாலாட்டு, ஒப்பாரி என ஏறத்தாழ நாற்பது மணி நேர ஒலிப்பதிவு. வேறெங்கும் அதற்குப் படி எடுத்து வைக்கவில்லை. “அடுத்த வாரம் எடுக்கலாம்” என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றார்.

“என்னப்பா, பாட்டி குரல் எல்லாம் போச்சா?”

“தெரியலம்மா” என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை.

லோரியும் கொள்கலனும்

கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் கொள்கலன் ஏற்றிய லோரிகளைப் பார்த்திருப்பீர்கள். லோரியின் எந்திரம் நடுவழியில் கெட்டுப்போனால் கொள்கலனுக்குள் இருக்கும் பொருள் கெட்டுவிடுமா? கெடாது. வேறொரு லோரியைக் கொண்டுவந்து, அதே கொள்கலனை ஏற்றிச் செல்லலாம். ஒவ்வொரு கொள்கலனின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் ஒன்று எழுதப்பட்டிருக்கும். எந்த லோரியில் ஏற்றினாலும் அந்த எண்ணை வைத்து அது யாருடைய சரக்கு என்று அறியலாம்.

மதர்போர்டு என்று நாம் சொல்லும் தாய்ப்பலகைதான் இங்கு லோரி. செயலி, நினைவகம், வன்தட்டு ஆகிய எல்லாவற்றையும் இணைத்து ஓட்டுவது அதன் வேலை. தரவோ வன்தட்டு எனும் கொள்கலனில் இருக்கிறது. லினக்ஸ் மென்பொருள் வழி பல வன்தட்டுகளை ஒன்றாகக் கட்டும்போது, ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் ஒரு சிறு குறிப்பு எழுதப்படுகிறது. “நான் இந்தக் குழுவைச் சேர்ந்தவன், இக்குழுவில் மொத்தம் நால்வர், நான் மூன்றாமவன்” என்பது போன்ற செய்தி அதில் இருக்கும். குழுவுக்கென்று தனித்த அடையாள எண்ணும் இருக்கும். எனவே, எந்தத் தட்டை எந்தத் துளையில் செருகினாலும் லினக்ஸ் அவற்றை அடையாளம் கண்டு சரியான வரிசையில் சேர்த்துவிடும்.

இவ்வாறு பல தட்டுகளைக் கட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைவழி இப்பெயர் பரவியது. நான் பயன்படுத்தியது ரெய்டு 5 எனும் வகை. அதன் தத்துவத்தை எளிய கணக்கால் விளக்கலாம். மூன்று தட்டுகளில் 7, 5, 9 எனும் எண்களை எழுதுகிறோம். நான்காவது தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 21ஐ எழுதுகிறோம். இரண்டாவது தட்டு எரிந்துபோனால், 21இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்தால் காணாமற்போன 5 கிடைத்துவிடும். கணினி கூட்டலுக்குப் பதில் இரும எண்களுக்குரிய வேறொரு கணக்கைச் செய்கிறது; கூட்டுத்தொகையையும் ஒரே தட்டில் வைக்காமல் நான்கிலும் மாற்றி மாற்றி வைக்கிறது. எனவேதான் 4 டெராபைட் தட்டு நான்கு இருந்தும், பயன்படும் இடம் 12 டெராபைட்டாக இருக்கிறது. ஒரு தட்டு போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது.

முதலில் நோயறிதல்

பழுது தாய்ப்பலகையில்தான் என்று எப்படி முடிவு செய்வது? நான் செய்த முதல் வேலை, மின்கம்பியையும் நான்கு தட்டுகளின் கம்பிகளையும் கழற்றியதுதான். தட்டுகளைப் பாதுகாப்பாக எடுத்து வைத்த பிறகே மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். பழுதான மின்வழங்கி அவற்றையும் எரித்துவிடக்கூடும் அல்லவா?

பிறகு நண்பர் ஒருவரிடமிருந்து மின்வழங்கி ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். உயிர் வரவில்லை. நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைக் கழற்றி, சற்றுப் பொறுத்து மாட்டினேன். விசிறிகூட அசையவில்லை. பலகையில் ஒரு மின்தேக்கியின் அருகே கறுத்திருந்ததைக் கைவிளக்கில் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது.

ஒரு சொடுக்கில் தப்பியது

இங்கேதான் பெரிய ஆபத்து வந்தது. அது இடியால் வந்ததன்று. அவசரத்தால் வந்தது.

“அண்ணே, ஒரு தட்ட என் லேப்டாப்புல மாட்டிப் பார்ப்போமே. உள்ள இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும்” என்றான் தம்பி. எனக்கும் பொறுமை இல்லை. யு.எஸ்.பி. இணைப்பான் வழி ஒரு தட்டை அவனுடைய விண்டோஸ் மடிக்கணினியில் இணைத்து, தட்டுகளை நிருவகிக்கும் பகுதியைத் திறந்தோம். உடனே ஒரு பெட்டி தோன்றியது. இத்தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ‘இனிஷியலைஸ்’ செய்ய வேண்டும் என்றது. அதாவது, தட்டைப் புதிதாகத் தொடக்கிவைக்க வேண்டுமாம். தம்பியின் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

“கைய எடுடா!” என்று கத்தினேன். அவன் மிரண்டுபோய்க் கையை எடுத்தான்.

ஏன் கத்தினேன்? விண்டோஸுக்கு லினக்ஸ் ரெய்டு குறிப்பைப் படிக்கத் தெரியாது. ஆகவே, அத்தட்டு அதன் கண்ணுக்கு வெற்றுத் தட்டு. நான் தட்டுகளைப் பிரிவுகளாகப் பிரிக்காமல் முழுமையாகவே குழுவில் சேர்த்திருந்தேன். அத்தகைய தட்டில் குழுவின் குறிப்பு தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி எழுதப்பட்டிருக்கும். இக்காலத்து முறைப்படி தட்டைத் தொடக்கிவைத்தால், பிரிவு அட்டவணை முதல் 17 கிலோபைட் இடத்தில் எழுதப்படும். கொள்கலன் எண்ணின் மேல் சாயம் பூசியது போல, குழுவின் அடையாளக் குறிப்பு அதோடு அழிந்திருக்கும். ஒரு தட்டில் அது நேர்ந்தால் மற்ற மூன்றும் காப்பாற்றும். ‘இதுவும் வெறுமையாக இருக்கிறதே’ என்று இரண்டாவது தட்டிலும் அதையே செய்திருந்தால், நிலைமை மிகவும் சிக்கலாகியிருக்கும்.

அன்றிரவு எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான்கு தட்டுகளின் வரிசை எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தட்டிலும் 1, 2, 3, 4 என ஒட்டுத்தாள் ஒட்டினேன். தட்டுகளை நிலைமின் தடுப்புப் பைகளில் வைத்துவிட்டுப் படுத்தேன். உறக்கம் வரவில்லை என்பது வேறு கதை.

எந்தப் பலகையை வாங்குவது?

மறுவாரம் கோலாலம்பூர், லோ யாட் பிளாசாவுக்குச் சென்றேன். என் பழைய செயலிக்குப் பொருந்தும் பலகை புதிதாகக் கிடைக்கவில்லை. பழையதைத் தேடி அலைவதைவிடப் பலகை, செயலி, நினைவகம் மூன்றையும் புதிதாக வாங்குவதே மேல் எனத் தோன்றியது. ஏறத்தாழ 1,100 ரிங்கிட் ஆனது.

இவ்வாறு வேறு வகைப் பலகைக்குத் தாவ முடிந்ததற்குக் காரணம், என் ரெய்டு மென்பொருள் வழி அமைக்கப்பட்டது என்பதே. உங்கள் கணினி எந்த வகை என்பதை இன்றே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, என்னுடையதைப் போன்ற லினக்ஸ் மென்பொருள் ரெய்டு. இசட்.எப்.எஸ். எனும் கோப்பமைப்பும் இத்தகையதே. இவை எந்தத் தாய்ப்பலகைக்கும் மாறும். இரண்டாம் வகை, தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்பிலேயே இயக்கப்படும் ரெய்டு. இது பலகையின் சில்லுக் குடும்பத்தைச் சார்ந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த பலகையை வாங்குவதே பாதுகாப்பு. மூன்றாம் வகை, தனி அட்டை வழி இயங்கும் ரெய்டு. இதில் தாய்ப்பலகை மாறினாலும் அதே அட்டையைப் புதிய பலகையில் செருகினால் போதும். அட்டையே கெட்டால் அதே வகை அட்டையைத் தேட வேண்டும்.

இன்னொரு பூட்டும் உண்டு. சில கணினிகளில் தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதன் திறவுகோல் தாய்ப்பலகையிலுள்ள டி.பி.எம். எனும் சில்லில் இருக்கலாம். பலகை மாறினால் அச்சாவி கிடைக்காது. எனவே, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லையேல், தட்டு நலமாக இருந்தும் தரவு கிடைக்காது.

மாற்றிய முறை

நான் கையாண்ட வரிசையை அப்படியே தருகிறேன்.

முதலாவதாக, பழைய பலகையின் இணைப்புகள் அனைத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தேன். மின்பொத்தானுக்குச் செல்லும் மெல்லிய கம்பிகள் எங்கே செருகப்பட்டிருந்தன என்பது நினைவில் நிற்காது. புதிய மின்வழங்கியையும் வாங்கியிருந்தேன். அதனோடு வந்த கம்பிகளையே பயன்படுத்தினேன். கழற்றி மாட்டும் வகை மின்வழங்கிகளில், முனை பொருந்துகிறதே என்று பழையதன் கம்பியைப் புதியதில் செருகக்கூடாது. உள்ளே மின்னழுத்த வரிசை மாறியிருந்தால் வன்தட்டு எரிந்துவிடும்.

இரண்டாவதாக, பெட்டியின் இரும்புப் பகுதியை அவ்வப்போது தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை வெளியேற்றிக்கொண்டேன். பலகையைத் தாங்கும் சிறு திருகுக் கால்கள் புதிய பலகையின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்தேன். துளையில்லாத இடத்தில் ஒரு கால் எஞ்சியிருந்தால், அது பலகையின் அடிப்புறத்தைத் தொட்டு மின்குறுக்கை உண்டாக்கும்.

மூன்றாவதாக, தரவுத் தட்டுகள் எதையும் இணைக்காமல் கணினியை முடுக்கினேன். இரவு முழுவதும் மெம்டெஸ்ட்86 எனும் மென்பொருளால் நினைவகத்தைச் சோதித்தேன். நினைவகம் பழுதாக இருந்தால், நலமான தட்டிலும் தவறான தரவை எழுதிவிடும். புதிய பொருள் என்பதாலேயே அதை நம்பிவிட முடியாது.

நான்காவதாக, பழைய இயங்குதளம் இருந்த எஸ்.எஸ்.டி. புதிய பலகையில் தொடங்கவில்லை. பழையது பயோஸ் முறையில் நிறுவப்பட்டது. புதிய பலகை யு.இ.எப்.ஐ. முறையை மட்டுமே ஏற்றது. ஆகவே, எம்.2 வகை எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, லினக்ஸைப் புதிதாக நிறுவினேன். அப்போதும் தரவுத் தட்டுகளை இணைக்கவில்லை. இணைக்காத தட்டை எந்த நிறுவியாலும் அழிக்க முடியாது!

ஐந்தாவதாக, பயோஸ் அமைப்பில் சாட்டா துளைகள் ரெய்டு எனும் நிலையில் இல்லாமல் ஏ.எச்.சி.ஐ. நிலையில் இருப்பதை உறுதிசெய்து, கணினியை அணைத்து, நான்கு தட்டுகளையும் இணைத்தேன்.

மூன்றே தட்டுகள்

கணினியை மீண்டும் முடுக்கியதும், குழுவை இயக்கத் தொடங்காமல் தட்டுகளின் குறிப்புகளை மட்டும் படிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மூன்று தட்டுகளே தெரிந்தன. நான்காவதைக் காணவில்லை.

மூன்று தட்டுகளோடும் குழு இயங்கும் என்று முன்பே சொன்னேன். “இயங்கத்தான் செய்கிறதே” என்று தொடங்கி ஏதேனும் எழுதியிருந்தால், நான்காவது தட்டு பின்தங்கிப் போயிருக்கும். அதை மீண்டும் சேர்க்க, மற்ற மூன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை படிக்கப்பட வேண்டியிருக்கலாம். பழைய தட்டுகளுக்கு அது கடும் சோதனை. அவ்வேளையில் இன்னொன்று பழுதானால் கதை முடிந்தது.

எனவே, கணினியை அணைத்துவிட்டுப் பலகையின் கையேட்டை எடுத்தேன். சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் ஐந்தாவது சாட்டா துளை செயல்படாது! பல பலகைகளில் இப்படி உண்டு. இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வதே காரணம். என் நான்காவது தட்டின் கம்பி ஐந்தாவது துளையில்தான் இருந்தது. ஆறாவதுக்கு மாற்றினேன். நான்கு தட்டுகளும் தெரிந்தன. தட்டுகளின் உடல்நிலை அறிக்கையையும் பார்த்தேன். புதிதாகப் பழுதான பகுதி எதுவும் இல்லை.

பிறகுதான் குழுவைக் கூட்டினேன். இங்கே ஒரு சொல்லில் கவனம் வேண்டும். ‘அசெம்பிள்’ எனும் கட்டளை இருக்கும் குழுவைச் சேர்க்கும். ‘கிரியேட்’ எனும் கட்டளை புதிய குழுவை உருவாக்கிப் பழைய குறிப்பின் மேல் எழுதிவிடும். பார்ப்பதற்கு ஒரே வேலையைச் செய்வன போல் இருக்கும் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு தரவை இழந்தவர் பலர். நான் முதலாவதைப் படிக்க மட்டும் எனும் நிலையில் கொடுத்தேன்.

கோப்புறைகள் வரிசையாகத் தோன்றின. பாட்டியின் பதிவுகளைச் சேமித்த நாளில், ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அப்பட்டியலை மின்னஞ்சலில் வைத்திருந்தேன். இப்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டேன். எல்லாம் பொருந்தின. இடி விழுந்த வேளையில் நான் வருடிக்கொண்டிருந்த பழைய ஆண்டிதழின் ஒரு பக்கம் மட்டும் பாதியில் நின்றிருந்தது. இதழ் கையில் இருந்ததால் மீண்டும் வருடிக்கொண்டேன்.

அதற்குப் பின்னரும் வீட்டுக் கைப்பேசிகளிலிருந்து சேமிப்பகம் தெரியவில்லை. அதற்குக் காரணம் எளியது. பலகையோடு வலைப் பொருத்தியின் முகவரியும் மாறிவிட்டதால், திசைவி அதற்கு வேறு எண்ணைக் கொடுத்திருந்தது. பழைய எண்ணை மீண்டும் ஒதுக்கியதும் சரியானது.

அம்மாவை அழைத்து ஒரு பதிவைப் போட்டேன். பாட்டி தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

தப்பித்தது திறமையாலா?

என் திறமையால் தரவு தப்பியது என்று எழுத ஆசைதான். ஆனால், அது உண்மையன்று. இடி பலகையோடு நின்றது. தட்டுகளுக்கும் போயிருந்தால் ரெய்டு எனக்கு உதவியிருக்காது. ரெய்டு என்பது ஒரு தட்டின் பழுதைத் தாங்கும் ஏற்பாடு. அது காப்பு நகலாகாது. இடி, திருட்டு, வெள்ளம், தவறாக அழித்தல் ஆகியவை நான்கு தட்டுகளையும் ஒன்றாகவே தாக்கும்.

2021 டிசம்பர் 18ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையில், எங்களுக்கு அண்மையிலுள்ள ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளங்கள் நீரில் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். என் கணினி இருந்த இடமும் படிக்கட்டின் கீழேதான். 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதவையும் இருந்தன. ஈழத்து நூல்களை மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எந்த நேரமும் இல்லாமற்போகலாம் என்பதை நம் இனம் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

புகைப்படக் கலைஞர்களிடையே தோன்றிய 3-2-1 எனும் விதி எளிமையானது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில். இப்போது பாட்டியின் குரல் எங்கள் சேமிப்புக் கணினியில் ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அக்காள் வீட்டு அலமாரியிலுள்ள வெளித்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என மூன்று இடங்களில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் முடிந்த வேலை. இதைத்தான் இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த அன்றே இன்னொரு படியை வேறொருவர் வீட்டில் வையுங்கள். என்றாவது உங்கள் கணினி உயிரிழந்தால், முதலில் மின்கம்பியைக் கழற்றுங்கள். அடுத்து, தட்டுகளில் எண் ஒட்டுங்கள். அதன்பின் ஒரு தேநீர் குடியுங்கள். திரையில் எந்தப் பெட்டி தோன்றினாலும், அது என்ன கேட்கிறது என்று படித்துப் புரிந்துகொள்ளும்வரை பொத்தானை அழுத்தாதீர்கள்.

பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது கணினிக்கும் பொருந்தும்.